நேபாளமும் என் கிழக்குக் கதவும்

மல்லாங்கிணறு,
20-4-1966

மேன்மை தங்கிய பத்திராதிபர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கூட்ஸ் குமாஸ்தா கனகசபாபதி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி செல்லக்கனியும் சுகம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டும்.

சென்ற இதழில் தாங்கள் எழுதிய நேபாளக் கட்டுரையை நான்கு தடவை படித்துவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். இதுவரை நேபாளத்துச் சரக்கெல்லாம் நம் நாட்டு வழியாகத்தான் போய்வந்தது, இப்போது வடக்கே சீனாக்காரர்கள் மலையைக் குடைந்து புதுச்சாலை போடுகிறார்கள், இனி அங்கே நம் செல்வாக்கு என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். ஐயா, என்னாகும் என்று நான் சொல்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் சங்கையா மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அவர் வண்டிகள் என் முற்றத்தைக் கடந்து கிழக்குக் கதவு வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும், "அண்ணாச்சி, போகலாமா?" என்று கேட்பார். நானும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ம்" என்பேன். விருதுநகர் கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் அனுபவித்த மரியாதை அந்த ஒரு "ம்"மில் இருந்தது.

மாசியில் வண்டி மாடு ஒன்று என் சுவரின் புது வெள்ளையை உரசிவிட்டது. கொஞ்சம் கண்டிப்புக் காட்டுவோம் என்று ஒரு வாரம் கதவைப் பூட்டினேன். பாழாய்ப்போன மழை அந்த வாரம்தான் பெய்ய வேண்டுமா? வெளியே போக வழியில்லாமல் ஏற்றி நின்ற எட்டு வண்டி வத்தல் நனைந்தது. சங்கையா நனைந்ததை அள்ளிக் காயப்போட்டார். பங்குனியில் உக்கிரபாண்டியின் பருத்திக்காடு வழியாக வடக்கே வண்டிப்பாதை போட்டுவிட்டார். நான் பதறிப்போய்க் கதவை அகலப்படுத்தி, வாசலில் தண்ணீர்ப்பானையும் வைத்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை.

"பூட்டுறப்ப என்னைக் கேட்டீகளா? இப்ப தொறந்து வச்சு யாரு வாராக?" என்கிறாள் செல்லக்கனி.

இதில் நான் இந்தியா, சங்கையா நேபாளம். அது மட்டும் விளங்குகிறது. அப்படியானால் உக்கிரபாண்டி சீனாவா? அவன் செல்லக்கனிக்கு ஒன்றுவிட்ட தம்பி. தினமும் என் அடுக்களையில் உட்கார்ந்து மோர் குடிக்கிறான். இதற்குத் தங்கள் கட்டுரையில் வழி சொல்லவில்லை.

வைகாசியில் சங்கையாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம். மூத்தவர்கள் இருவர் கல்யாணப் பத்திரிகையிலும் அழைப்போர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. இந்தத் தடவை நகலைப் பிழை பார்க்க என்னிடமே கொடுத்தனுப்பினார். ஒரு பிழைதான் இருந்தது. முதலில் உக்கிரபாண்டி, ஒன்பதாவதாக நான். வெள்ளிக்கிழமை சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வருகிறது ஐயா. நம் நாடு என்ன செய்யப்போகிறது என்று விசாரித்து உடனே எழுதுங்கள். நானும் அதையே செய்துவிடுகிறேன்.

தங்கள் குலமும் சந்தாதாரர்களும் பெருகட்டும்.

இப்படிக்கு,
கனகசபாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உக்கிரபாண்டி வந்தான். சங்கையாவின் மாடு அவன் பருத்தியை மேய்ந்துவிட்டதாம். "ஒரு வாரம் பாதையைப் பூட்டுனாத்தான் சரிப்படும். பூட்டு இருக்கா அத்தான்?" என்றான். வேண்டாமப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு உள்ளே போய், அந்தப் பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை நகல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிழை பார்க்க இன்னும் ஒரு வாரமாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.