தலைமை விருந்தினரும் டேங்க் மூடியும்

"புஸ்ஸ்ஸ்ஸ்!"

மயிலாப்பூர் பெட்ரோல் பங்கில், முன்னால் நின்ற புதுக் காரின் டேங்க் மூடி திறந்தபோது வந்த சத்தம் அது. பின்னால் தன் பழைய காரில் காத்திருந்த ஸ்ரீனிவாசராகவனுக்கு வயிறு எரிந்தது.

புதுக் கார் எதிர் ஃப்ளாட் ரகுபதியுடையது. பங்கில் வேலை பார்க்கும் வேலம்மாவைக்கூட அவர் மூடியைத் தொட விடமாட்டார். தானே இறங்கி, சந்நிதியில் திரை விலக்குகிற பயபக்தியோடு குனிந்து, உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறப்பார்.

"கேட்டேளா ராகவன்? டேங்க்குக்குள்ள பெட்ரோல் ஆவியோட அழுத்தம்! சத்தம் வந்தா, மூடி கச்சிதமா அடைச்சிண்டிருக்குன்னு அர்த்தம். துளி ஆவி வெளியில போகாது."

அடுத்து ஸ்ரீனிவாசராகவனின் முறை. வேலம்மா மூடியைத் திருகினாள். அது சமர்த்தாகக் கையோடு வந்தது. சத்தமில்லை.

"உங்களுது பேசவே பேசாதா?" என்றார் ரகுபதி, துக்கம் விசாரிக்கிற குரலில். "இத்தனை வருஷமா பாதி பெட்ரோலை ஆகாசத்துக்கு அர்க்கியம் விட்டிண்டிருக்கேள்."

வேறு மாதமாக இருந்தால் ஸ்ரீனிவாசராகவன் இதை மறந்திருப்பார். அல்லது மறந்துவிட்டதாகச் சொல்லியிருப்பார். ஆனால் மார்கழி வரப்போகிறது.

அவர்கள் இருவரும் உறுப்பினராக இருந்த சங்கீத சபாவில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழிக் கச்சேரிகளின் தொடக்க விழாவுக்குத் தலைமை விருந்தினரை உறுப்பினர் ஒருவர் தன் சொந்தக் காரில் அழைத்து வரவேண்டும். அதற்காக அந்த உறுப்பினரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். பாடத் தெரியாத, பேசத் தெரியாத, நன்கொடை தரவும் மனம் வராத ஒருவர் மேடையேற இதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்தப் பொன்னாடை ஆண்டுதோறும் ஸ்ரீனிவாசராகவனுக்குத்தான். அவற்றை அவர் பீரோவில் அடுக்கி, விருந்தாளி வரும்போதெல்லாம் எதையோ தேடுகிற சாக்கில் பீரோவைத் திறப்பார்.

அன்று மாலையே சபா செயலாளர் பாலு போன் செய்தார்.

"மாமா, உங்க கார்ல பெட்ரோல் ஆவி கசியறதாமே? இந்தத் தடவை வர்றவர் பெரிய மனுஷர், முன்னாள் துணைவேந்தர். ரிஸ்க் எடுக்கலாமா? ரகுபதி சார் தன் வண்டியைத் தரேங்கறார்."

"யாரு, அவரேதான் கசியறதுன்னு சொன்னாரா?"

"ரொம்ப வருத்தப்பட்டுண்டு சொன்னார்."

"நீங்க வந்து பாருங்கோ. என் டேங்க் சத்தம் போட்டா என் வண்டி. போடலேன்னா அவர் வண்டி."

சவாலை விட்ட பிறகுதான், டேங்க்கைச் சத்தம் போட வைப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தார்.

முதலில் புது மூடி வாங்கினார். சத்தமில்லை. மூடிக்கும் டேங்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று முடிவு செய்து, ஒரு ரப்பர் பட்டையைக் கத்தரித்துச் சுற்றினார். அப்போதும் இல்லை. ஆனால் மறுநாள் காலை சமையலறையில், அவர் இத்தனை நாள் ஏங்கிய அதே "புஸ்ஸ்ஸ்" சத்தம் கேட்டது.

"ஏன்னா!" என்று மனைவி சுலோச்சனா கத்தினாள். "குக்கர் மூடியில இருந்த ரப்பர் எங்கே? நாலாபக்கமும் ஆவி போறது, பருப்பு வேகவே மாட்டேங்கறது!"

"ஒரு பொன்னாடைன்னா சும்மாவா? அனுசரிச்சுக்கோ."

"பொன்னாடையையே வேகவெச்சு சாம்பார் பண்ணட்டுமா?"

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. புது மூடியின் அடியில் ஊசி முனையளவு ஒரு துளை இருப்பதை அப்போதுதான் பார்த்திருந்தார். கசிவின் மூலம் பிடிபட்டுவிட்டது! பாத்ரூம் குழாய் ஒழுகலுக்கு வாங்கி வைத்திருந்த பசையை உருட்டித் துளையை அடைத்தார். காரை உச்சி வெயிலில் நிறுத்தினார். பாலுவை வரவழைத்தார். மூடியைத் திருகினார்.

"புஸ்ஸ்ஸ்ஸ்!"

பெற்ற பிள்ளை முதன்முதலாக "அப்பா" என்றபோதுகூட அவர் கண் இப்படிக் கலங்கியதில்லை.

"பேஷ்! உங்க வண்டிதான் மாமா" என்றார் பாலு. எதிர் ஃப்ளாட் ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது.

விழா நாளன்று கார் அடையாறு வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கே துணைவேந்தரை ஏற்றிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது இரண்டு தரம் திணறி நின்றுவிட்டது. அந்தச் சின்னத் துளை டேங்க் மூச்சு விடுவதற்காக வைத்தது. காற்று உள்ளே வர வழியில்லாமல் பெட்ரோலை மட்டும் உறிஞ்சினால் எந்த வண்டிதான் ஓடும்? வாயை எடுக்காமல் பாட்டிலை உறிஞ்சுகிற குழந்தையைப் போல எஞ்சின் திக்குமுக்காடியது.

ஸ்ரீனிவாசராகவன் இறங்கி மூடியைத் திறந்தார். காற்று உள்ளே பாய்ந்தது. புஸ்ஸ்ஸ்ஸ்! முன்னைவிட நீளமாக.

"கேட்டேளா சார்? அழுத்தம்!" என்றார் பெருமையாக.

"வண்டி ஏன் நின்னுது?" என்றார் துணைவேந்தர்.

"அழுத்தம் ஜாஸ்தி சார்."

வண்டி கிளம்பியது. மூடியைத் திறந்தே வைத்திருந்தால் மயிலாப்பூர் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த சத்தத்தை யார் விடுவார்கள்? முன்னைவிட இறுக்கி மூடியிருந்தார். வண்டி பாலத்தின் நடுவில் மறுபடி நின்றது. இந்தத் தடவை அவர் எவ்வளவு முறுக்கியும் மூடி அசையவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனை அடித்துத் தீர்த்தார்.

"இன்னா நைனா, பாலத்த வாங்கிட்டியா?" என்று ஓர் ஆட்டோ கடந்து போனது.

அதற்குப் பின்னால், தற்செயலாக, அடையாறிலிருந்தே தற்செயலாக, ரகுபதியின் புதுக் கார் வந்தது.

"அடடா, ராகவன்! இப்படி ஆயிடுத்தே! சார், நீங்க ஏறுங்கோ. பாவம், அவர் வேணும்னா பண்ணார்?"

கார் கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. துணைவேந்தர் போனார். அவரோடு பொன்னாடையும் போயிற்று.

அரைமணி நேரம் போராடி, டிக்கியில் கிடந்த உளியால் மூடியைப் பெயர்த்து, திறந்த டேங்க்கோடு ஸ்ரீனிவாசராகவன் பெட்ரோல் பங்க் வந்து சேர்ந்தபோது, சபாவில் நாகஸ்வரம் தொடங்கியிருந்தது. அது பங்க் வரைக்கும் கேட்டது.

"மூடி எங்க சார்?" என்றாள் வேலம்மா.

அவர் சீட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். ரப்பர் பட்டை, பசை, உளித் தழும்புகள். வேலம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, ஓட்டையப் போய் அடைச்சு வெச்சுக்கிற?"

"எல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தாம்மா" என்றார். "ரகுபதி வண்டியில மட்டும் ஒவ்வொரு தடவையும் எப்படித்தான் அவ்வளவு அழகா வருதோ!"

வேலம்மா பம்ப் குழாயை டேங்க்கில் செருகினாள்.

"அய்ய, அது வண்டி போடுற சத்தமா சார்? அவரு வாயால வுடுறாரு. அதுவும் நீ பின்னால நின்னுகினு இருந்தாத்தான்!"