தேசிக்காய் ஊறுகாய் கப்பலேறிய விபரம்

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.
9.3.1974

என் அன்புக்குரிய மருமகன் சந்திரமௌலீசன் அவர்களுக்கு, மாமா இரத்தினசபாபதி நலம் கேட்டு எழுதுவது. நயினை அம்மன் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகமும் மகள் விமலாம்பிகையின் சுகமும் அறிய ஆவல்.

மசக்கையில் வாடும் மகளுக்கு அம்மாவின் தேசிக்காய் ஊறுகாய் இருந்தால்தான் சோறு இறங்கும் என்று எழுதியிருந்தீர்கள். சென்ற முறை நான் அனுப்பிய போத்தல் வழியில் உடைந்ததையும், நீங்கள் மரியாதைக்கு "பெட்டி நல்ல மணமாக இருந்தது" என்று எழுதியதையும் நான் மறக்கவில்லை. எதையும் துணிந்து செய்பவன் அல்லன் நான். ஆனாலும் இம்முறை உடையாத பெட்டி கட்டாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

சங்கக்கடையில் தடித்த காட்போட் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, அடியில் தென்னந்தும்பு பரப்பி, போத்தலின் மூடியை மெழுகால் அடைத்து, என் பழைய வேட்டியில் சுற்றி நடுவில் இருத்தி, சுற்றிவரப் பனங்கிழங்கு ஒடியல்மாப் பொட்டலங்களை இறுக்கிக் குலுக்கிப் பார்த்தேன். கடகடத்தது. பிரித்து இன்னும் தும்பு வைத்தேன். சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவுச் செபஸ்தியம்மா கருவாட்டுப் பொதியோடு வந்துவிட்டார். வெளிநாட்டுக்குப் பெட்டி போகிறதென்றால் இங்கே ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லையே.

"மாஸ்ரர், என்ரை பிலிப்புவும் லண்டனிலைதானே. இதையும் ஒரு மூலையிலை வையுங்கோ."

"மூலை இல்லைப் பிள்ளை. எல்லாம் தும்பு."

"அப்ப தும்பை எடுங்கோவன். அதுகள் தும்பையே தின்னப்போகுதுகள்?"

கொஞ்சம் தும்பை எடுத்துவிட்டுக் கருவாட்டை வைத்தேன். குசினி வாசலில் நின்ற உங்கள் மாமி அன்னபூரணம், "கருவாட்டு மச்சம் பட்ட பெட்டியை இனி நான் தொடவும் மாட்டன், எட்டிப் பாக்கவும் மாட்டன். நீங்களே கட்டி அழுங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு சோதனை. துறைமுகத்தில் பெட்டிகளைத் தூக்கி எறிவார்கள் என்று கேள்வி. ஆகவே செபஸ்தியம்மாவின் புருசன் பத்திநாதரை, வலை எறிந்து பழகிய கை என்பதால், பெட்டியோடு ஏணியில் ஏற்றினேன்.

"மெல்லவோ மாஸ்ரர், பலமாவோ?"

"துறைமுகத்திலை எறியிற மாதிரி."

"அப்ப கண்ணை மூடுங்கோ!"

மூடிக்கொண்டேன். பெட்டி முற்றத்தில் விழுந்து புரண்டது. காதை வைத்துக் கேட்டேன். கிலுக்கென்ற சத்தமில்லை, ஒரு சொட்டுக் கசிவில்லை. "கப்பல் தாழ்ந்தாலும் இது தாழாது" என்றார் பத்திநாதர். அப்படியே, ஒரு தும்பும் அசையக்கூடாதென்று, திறவாமலே துணி போட்டுத் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, இன்று காலை தபாற்கந்தோரில் கப்பல் தபாலுக்குக் கொடுத்துவிட்டேன்.

பெட்டி வந்ததும் மேலே கத்தி போட வேண்டாம். தையலைப் பக்கத்தால் பிரியுங்கள். கருவாடு பிலிப்புவுக்கு. வேட்டியை ஆறுதலாக அவிழுங்கள்.

மகள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, நல்லபடி பெற்றெடுக்க ஆசீர்வதித்து, இம்முறை பிழை விடவில்லை என்று துணிந்து கையெழுத்திடும்,
மாமா,
வே. இரத்தினசபாபதி

பி.கு.: மாமி இப்போதுதான் ஊறுகாய்ப் போத்தலை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துவந்து, என் முன்னால் வைத்தார். ஏணியிலிருந்து எறியும்போது உடைந்துவிடுமே என்று பயந்து, நானே போத்தலைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே பருமனில் வேறொன்றை வேட்டியில் சுற்றி வைத்தது எனக்கு ஞாபகம் வருகிறது. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இன்று பின்னேரமே கொழும்புக்கு ரயிலேறுகிறேன். லண்டனுக்கு வரும் ஓர் ஆளின் கையில் கொடுக்காமல் திரும்புவதில்லை. பெட்டிக்குள் இருப்பதைத் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம். அது மாமியின் அம்மிக் குழவி. இரவுச் சம்பலுக்கு அவர் இன்னும் அதைத் தேடத் தொடங்கவில்லை.