குயிக்காவுக்கு மாறிய அலுவலகம்

ஔலு, வியாழக்கிழமை மாலை

மாண்புமிகு தைஸ்தோ மாமா அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் மகன் வெய்க்கா பணிவோடு எழுதிக்கொள்வது.

கனத்த நெஞ்சோடு அறிவிக்கிறேன்: தங்கள் நீலநிறக் காபிக் கோப்பையின் கைப்பிடி திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு இயற்கை எய்தியது. கோப்பையின் மற்ற பாகங்கள் நலம். தாங்களும் இனாரி ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை விட்டு, சிக்னல் இல்லாத பேரின்பத்தில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கைப்பிடி ஏன் போனது என்றால், உங்கள் மூத்த நிரலர் சினிக்கா மேஜையைத் தட்டினார். ஏன் தட்டினார் என்றால், இளைய நிரலன் ரோப்பே வாயைத் திறந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வாரம் வேலை பழக வந்த எனக்கு முதல் பத்து நிமிடத்திலேயே உங்கள் கம்பெனியின் நிலைமை புரிந்துவிட்டது. நாற்பத்திரண்டு குடியிருப்புகளின் சவுனா நீராவிக் குளியல் முறைகளை, எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று, கவனிக்கிற கெர்ட்டு அம்மையார், வியாழன் இரண்டு மணிக்குள் அதற்கு ஓடுகிற மென்பொருள் ஒன்றைக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் போனால் உங்களுக்கு மிஞ்சுகிற பெரிய வாடிக்கையாளர் யாருமில்லை. ஆனால் உங்கள் நிரலர்கள் மூவரும் மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை. முறைகளை எந்த முறையில் முறைப்படுத்துவது என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சினிக்காவுக்குத் தன் பழைய நிரல்மொழிதான் வேண்டும். "இருபது வருஷமா ஓடுது தம்பி, ஒரு நாள் படுத்ததில்ல" என்றார். "அது ஓடலைங்க, நொண்டுது" என்றான் போன மாதம் பிறந்த மொழிக்குப் போன வாரம் மாறிய ரோப்பே. அப்போதுதான் மேஜை, அப்போதுதான் கைப்பிடி. மூன்றாமவர் தனேலி மட்டும் குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கினார்.

மாமா, இவர்கள் கருவிகளைத் தேர்ந்தெடுக்கிற அழகு இருக்கிறதே, அதை நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்தவர் எழுதி இணையத்தில் வைத்த நிரல்தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டால் ரோப்பே முதலில் அதன் சின்னத்தைப் பார்க்கிறான், பிறகு எத்தனை பேர் பாராட்டி நட்சத்திரம் போட்டார்கள் என்று எண்ணுகிறான், கடைசியாக யாராவது கைவைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் செத்துப்போச்சு என்று மூடிவிடுகிறான். சினிக்காவுக்கு நேரெதிர். இரண்டு வருஷத்துக்குள் யாராவது கைவைத்திருந்தால் இன்னும் வேகவில்லை என்கிறார். தனேலி எதற்குப் பெயர் சின்னதோ அதை எடுக்கிறார், தட்டச்சு மிச்சமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. திங்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய், பள்ளிப் பையை வீசிவிட்டு, ஒரே மூச்சில் உருவாக்கி இணையத்தில் ஏற்றினேன் மாமா, உலகமே எதிர்பார்த்திராத நிரல்தொகுப்பு, பெயர் குயிக்கா. ஏரியில் முங்கி முங்கி எழுமே, அந்தப் பறவையின் பெயர்தான், சின்னமும் அதுவே.

செவ்வாய் காலைக் காபியில் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்தபடி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டேன்: "இங்க இன்னும் குயிக்காவுக்கு மாறலையா? ஸ்வீடன்காரங்க எல்லாம் மாறிட்டாங்களே."

பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று நம்மூரில் எவன் ஒப்புக்கொள்வான்? ரோப்பே தான் அதை வீட்டில் எப்பவோ இருந்தே பயன்படுத்துவதாகச் சொன்னான். சினிக்கா அதை இரண்டு வருஷம் முன்பே பார்த்ததாகவும், அப்போது கொஞ்சம் மந்தமாக இருந்ததாகவும், இப்போது சரிசெய்திருப்பார்கள் என்றும் சொன்னார். பிறந்து பதினைந்து மணி நேரமான குழந்தையை மாமா, இரண்டு வருஷம் முன்பு! தன் மொழியிலேயே அது எழுதப்பட்டிருப்பதைக் கண்டதும் அவர் முகம் பூரித்தது. பழைய மொழிகள்தான் இப்போ திரும்ப நாகரிகம் என்றான் ரோப்பே, கண்ணிமைக்காமல். ஒரு நட்சத்திரம்கூட இல்லையே என்று மட்டும் இழுத்தான். நட்சத்திரம் கேட்டு வாங்குவது அங்கே கௌரவக் குறைச்சல் என்றேன். உடனே முதல் நட்சத்திரத்தை அவனே போட்டான். தனேலி இந்த வாரத்தின் முதல் வார்த்தையைச் சொன்னார்: "சரி."

அப்புறம் என்ன, செவ்வாயும் புதனும் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் தட்டினார்கள். குயிக்காவின் நிரலுக்கு நடுவில் ஓரிடத்தில், 'இது எப்படி ஓடுகிறதென்று எனக்கே தெரியாது, தொடாதீர்கள்' என்ற குறிப்பைப் பார்த்து, எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று சினிக்கா உருகிப்போனார். இன்று இரண்டு மணிக்கு கெர்ட்டு அம்மையார் வந்தார். வெள்ளி இரவு ஏழு மணியை வேண்டுமென்றே இரண்டு வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம்ம குயிக்கா மரியாதையாக மறுத்துவிட்டது. "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". நம்மூரில் ஒரே ஆளிடம் இரண்டு ம் வாங்குவது லேசா? கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்! உங்கள் கம்பெனி பிழைத்தது மாமா, பிழைக்க வைத்தவன் பதினைந்து வயது மருமகன்.

அவர் போனதும் சினிக்கா பெருமூச்சு விட்டு, இப்படி எழுதத் தெரிந்த ஒருத்தர் நம்மிடம் இருந்திருக்கக் கூடாதா என்றார். "தைஸ்தோ வந்ததும் இதக் காட்டணும். பாத்துக் கத்துக்கட்டும்" என்றான் ரோப்பே.

தங்கள் துளையில் பெரிய மீனாக மாட்டட்டும், பனி மே மாதம்வரை உருகாதிருக்கட்டும். தாங்கள் கையெழுத்திட்டுப் பள்ளிக்குத் தர வேண்டிய சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். 'மிகச் சிறப்பு' என்ற கட்டத்தில் பென்சிலால் லேசாகக் குறி போட்டிருக்கிறேன், தங்கள் சிரமத்தைக் குறைக்க.

என்றும் பணிவுள்ள,
வெய்க்கா

பி.கு.: மாமா, ஒரு சின்ன விஷயம். குயிக்காவை நான் எழுதலை. திங்கக்கிழமை உங்க அலமாரியைத் துடைக்கச் சொன்னாங்க, அடியில உங்க பழைய மடிக்கணினி கிடந்தது. உங்க கட்டடத்துச் சவுனாவுக்கு நீங்க எப்பவோ எழுதினது அதுல இருந்தது. "அது தைஸ்தோவோட குப்பை, திறக்காதே"ன்னு மூணு பேரும் சொன்னாங்க. நான் பேரை மாத்தினேன், மேலே உங்க பேர் இருந்த வரியை அழிச்சேன், அவ்வளவுதான். பறவைகூட அம்மா வரைஞ்சது. எனக்கு ஒரு வரி நிரல்கூட எழுத வராது. இப்போ குயிக்காவை எழுதினவர் செவ்வாய்க்கிழமை நேர்ல வரணும், உங்களுக்கும் மேல தலைமை ஆலோசகரா உக்காரணும்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டு அழைப்பு அனுப்பியிருக்காங்க. குயிக்காவோட நான் போட்டிருந்தது என் மின்னஞ்சல் முகவரி, அதனால அது எனக்குத்தான் வந்திருக்கு. நீங்க திங்கக்கிழமையே திரும்பிடுறீங்கதானே, மாமா?