ஃபேனில் சிக்கிய பிளாஸ்டிக் பை பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகள், உங்கள் அம்மா மூவரும் நலம். வண்டியும் இப்போது நலம். அந்த ‘இப்போது’ என்ற சொல்லுக்காகத்தான் இத்தனை பெரிய கடிதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் நீங்கள் கூப்பிட்டு, “மன்னிச்சுக்குங்க மாமா, கிளம்புறதுக்கு முன்னாடி நான் வண்டியை ஒரு தடவை பாத்திருக்கணும், தப்பு என்மேலதான்” என்றீர்கள். நான் உடனே, “பரவாயில்ல மாப்பிள்ளை, இனிமே கவனமா இருங்க” என்று பெருந்தன்மையாகப் பதில் சொன்னேன் பாருங்கள், அன்றிலிருந்து போன் அடித்தால் நான் எடுப்பதே இல்லை.

நடந்தது இதுதான். வெளியூர் வேலைக்கு நீங்கள் கிளம்பிப் போன மறுநாளே உங்கள் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிக் கிடந்தன. நான் பால் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெஷின் கழுவி ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க நான் விட்டதில்லை. அழுக்கு மெஷினைக் கண்டால் கை சும்மா இருக்காது. எங்கள் ஷிப்டு முறைப்படி, தண்ணீர் படக்கூடாத மோட்டார், வயர், பிளக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டு, குழாயைப் பிடித்து அடி அடி என்று அடித்தேன். கழுவி முடித்தபோது இன்ஜினில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொள்ளலாம் போல இருந்தது. பிறகு பைகளை அவிழ்த்தேன். எல்லாவற்றையும் அவிழ்த்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் கட்டிக் கழுவுவது ஒரு ஷிப்டு, அவிழ்ப்பது அடுத்த ஷிப்டு. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு பையைக்கூட அவிழ்த்தவனில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரைச் சுற்றிக் கட்டிய பை மட்டும் அடுத்த ஷிப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் உங்கள் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். போகும்போது காலிச் சாலை, வண்டி வெண்ணெய் மாதிரி போனது, நானும் இதெல்லாம் கழுவியதன் பலன் என்று மனசுக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு ஓட்டினேன். திரும்பும்போதுதான் கடைத்தெரு நெரிசலில் மாட்டினோம். அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்றால் சூட்டைக் காட்டும் முள் ஏறும், ஓடினால் இறங்கும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தமாம். இன்றைக்கு யார் கேட்டாலும் சொல்லுவேன். அன்றைக்குத் தெர்மோஸ்டாட் என்றேன், கூலண்ட் என்றேன், கலப்பட பெட்ரோல் என்றேன், கடைசியில் வெயில் என்றேன். அன்றைக்கு வெயிலே இல்லை. பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் எட்டிப் பார்த்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பினால் இன்ஜின் சூடு உள்ளே வந்துவிடும், அப்படியே ஓரங்கட்டுங்கள் என்றார். திருப்பினேன். இன்ஜினின் மொத்தச் சூடும் உங்கள் அம்மா முகத்தில் வந்து மோதியது.

“என்ன சம்பந்தி, இப்படி அனலடிக்குது?” என்று கேட்டார்கள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது, “எல்லாம் உங்க பையன் வண்டியைப் பாத்துக்கிற லட்சணம்.”

பானெட் இடுக்கில் ஆவி வந்ததும் இன்ஜினை அணைத்தேன். எதிர்க் கடை மெக்கானிக் வந்து, சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் அளவு பார்த்தார், ஹோஸை அழுத்திப் பார்த்தார், பிறகு ஃபேனுக்குள் கையை விட்டுத் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் பையை உருவினார். ஃபேன் சிக்கிக்கொண்டதில் ஃபியூஸும் எரிந்து போயிருந்தது. இன்ஜினைக் கழுவியது யார் என்று கேட்டார். மாப்பிள்ளை வண்டி, எனக்கென்ன தெரியும் என்றேன். அது நம் வீட்டுக்கு நான் மாத்திரை வாங்கி வந்த பை. அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தால், உங்கள் அம்மா கடை ஸ்டூலில் உட்கார்ந்து உங்களைப் போனில் மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் “சரிம்மா, சரிம்மா” என்றது எனக்கும் கேட்டது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. கழுவியதற்காக இல்லை, அது தெரியாமல் செய்தது. உங்கள்மேல் பழியைப் போட்டது தெரிந்தே செய்தது. நீங்கள் மனசு கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பதாக மகள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறேன். செடிகளும் அழுகத் தொடங்கிவிட்டன. சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன், என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறும் வண்டி எதுவும் நடுவழியில் நிற்காமல் நல்லபடியாக வீடு வந்து சேர வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மனசு கேட்காமல் உங்கள் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் ஆச்சரியப்படவே இல்லை. நான் பை கட்டியதையும் தண்ணீர் அடித்ததையும் மாடி ஜன்னலிலிருந்து ஆரம்பம் முதல் பார்த்தார்களாம். அப்புறம் ஏன் பையனைத் திட்டினீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, “வேலைன்னு போனா அம்மா ஞாபகமே வராது அவனுக்கு. இப்ப பாருங்க, தினம் சாயங்காலம் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்குறான். எதையாவது எழுதிக் கெடுத்துடாதீங்க சம்பந்தி” என்றார்கள். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தபாலில் போடப் போகிறேன். ஆகவே அம்மா கேட்டால், இந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை. தப்பு முழுக்க உங்கள்மேல்தான். சாயங்காலம் மறக்காமல் கூப்பிடுங்கள்.