பெரட்டுக் கிராணியாரும் படியேறாத தொங்கானும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் என் அருகே அமர்ந்து உண்ட அன்பர் ஒருவர், "அந்தப் பெரட்டுக் கிராணியா? நாயைக் கயித்துல கட்டி, பிரம்பால அடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனாரே, அவர்தானே?" என்று கேட்டார். பாயசம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கயிறும் இல்லை, பிரம்பும் இல்லை. அன்று அங்கே நின்றவர்களுள் இன்று எஞ்சியிருப்பவன், நான் அறிந்தவரை, நான் ஒருவனே. நானும் போய்விட்டால் அந்தப் பிரம்பு வரலாறாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

இருநூறு ஆட்களைத் தம் குரல் ஒன்றினால் ஓடிவரச் செய்தவரும், ஒரே ஒரு நாயை வாசற்படி ஏறச் செய்ய இயலாதவருமாக இவ்வுலகில் ஒருவர்தாம் பிறந்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரே கடைவீட்டில் நான் அவரோடு குடியிருந்தேன்.

துறைமுகத்தில் காலைதோறும் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அந்நாளில் 'பெரட்டு' என்று பெயர். அதற்கு 'வருகையழைப்பு' என்னும் நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்கிச் சந்து முழுவதும் பரப்ப முயன்றேன். என்னைத் தவிர எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. அவசரம் வந்தபோது நானும் பெரட்டு என்றே சொன்னேன். அப்பெயர்களைக் கூப்பிடும் எழுத்தர் ஆதலின் அவர் பெரட்டுக் கிராணியார். இயற்பெயரை யாரும் கேட்டதில்லை. அவர் கூப்பிட்டுப் பழகியவரேயன்றிக் கூப்பிடப்பட்டவர் அல்லர்.

அவர் வாயைத் திறந்தால் பாரந்தூக்கிகள் பாதி வழியில் நிற்கும் என்றும், கிளம்ப வேண்டிய கப்பல் தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று கரைக்குத் திரும்பும் என்றும் சந்தில் சொல்லிக்கொள்வர். நான் கப்பலைக் கண்டதில்லை. ஆனால் அவர் கீழ்த்தளத்தில் தும்மியபோது மேல்தளத்தில் என் மூக்குக்கண்ணாடி மேசையிலிருந்து விழுந்ததைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் கடைவீட்டின் முன்பகுதியில் இட்டலிக்கார அக்காவின் அடுப்பு, பின்னறையில் கிராணியார், மேலே சிற்றறைகளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய நானும், மருத்துவமனையில் கட்டுக்கட்டும் டிரெசர் மரியதாஸும், வேறு ஐந்து பேரும். இத்தனை பேருக்கும் குளியலறை ஒன்றே. அதற்குக் கிராணியார் ஒரு பேரேடு வைத்திருந்தார். விடியற்காலையில் நாங்கள் துண்டோடு வரிசையில் நிற்க வேண்டும். அவர் பெயர் கூப்பிடுவார். "வந்தேன்" என்று சொன்னவர் உள்ளே போகலாம். நேரத்துக்கு வந்தவருக்கு நீலக்கோடு; தாமதமாக வந்தவருக்குச் சிவப்புக்கோடு, கூடவே ஒரு சொற்பொழிவு.

ஒருநாள் மரியதாஸ் முந்திக்கொண்டு குளியலறைக்குள் புகுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நேரமாகிவிட்டது.

"மரியதாஸ்!"

"உள்ளதான் இருக்கேன் கிராணி!"

"உள்ள இருக்கிறது வேற, வந்தேன்னு சொல்றது வேற. வெளிய வந்து சொல்லிட்டுப் போங்க."

தலையெல்லாம் சவர்க்கார நுரையோடு, துண்டை இறுகப் பிடித்தபடி வெளியே வந்து, "வந்தேன்" என்று சொல்லிவிட்டு மீண்டும் உள்ளே போனார் அந்தப் பெரிய மனிதர். கோயிலுக்குப் போன அவருடைய காதுக்குப் பின்னே நுரை அப்படியே இருந்ததாம்.

"எவனாவது முரண்டு பிடிச்சா என்ன செய்வீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"துறைமுகத்துல அப்படி ரெண்டு பேரு எப்பவும் இருப்பான், வாத்தியார். கூப்பிட்டா வரமாட்டான், மூட்டை மேல உக்காந்து முறைப்பான். நான் அவன் பேரைக் கூப்பிடவே மாட்டேன். மத்தவனையெல்லாம் கூப்பிட்டு அனுப்பிட்டுப் புத்தகத்த மூடிருவேன். அவ்வளவுதான். 'சாமி, என் பேரு விட்டுப்போச்சே'ன்னு அவனே ஓடி வருவான்."

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது. சரக்கேற்றும் பெரிய படகைத் தொங்கான் என்பர். அப்படி ஒன்றிலிருந்து கரைக்குத் தாவிய குட்டி, அவர் பின்னாலேயே பேருந்து நிறுத்தம்வரை வந்துவிட்டது. பெயரும் தொங்கான் ஆயிற்று. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். முறைப்படி உரிமம் எடுத்து, பித்தளை வில்லை கோத்த கழுத்துப்பட்டை கட்டி, பேரேட்டில் எங்கள் பெயர்களுக்குக் கீழே அதன் பெயரையும் எழுதினார். அதற்கு நேரே நீலக்கோடு போடும் வாய்ப்புத்தான் வாய்க்கவில்லை.

தொங்கான் வீட்டுக்குள் வராது. நாள் முழுவதும் எதிர்ச்சாரியில் சீனத் தச்சரின் பட்டறை வாசலில், மரத்தூளின்மேல் படுத்துக் கிடக்கும். மாலையானதும் கிராணியார் கடைவீட்டு முன்புறத்து நடையில், நாங்கள் அஞ்சடி என்று சொல்லும் இடத்தில், மார்பை நிமிர்த்தி நிற்பார்.

"தொங்கா...ன்!"

சந்திலிருந்த மாட்டுக்கொட்டகையில் எருமைகள் எழுந்து நிற்கும். அடுத்த சந்துக் குழந்தைகள் அழும். தொங்கான் நிமிர்ந்த காதையும் மடித்துக்கொள்ளும். தச்சர் இரக்கப்பட்டு மலாயில் "மாரி, மாரி" என்று அழைத்துப் பார்ப்பார். அக்கா "வாடா ராசா" என்பாள். நான் "வருக" என்றேன். மரியதாஸ் ஆங்கிலத்தில் ஆணையிட்டார். மூன்று மொழிகளில் கூப்பிட்டும் வராத உயிர் அது ஒன்றுதான்.

ஆட்டெலும்பு வைத்தால் வரும். எப்படி வரும்? முன்னங்கால்கள் வாசற்படியில், பின்னங்கால்கள் தெருவில், உடல் இடியாப்பமாவு போல் நீண்டிருக்க, கழுத்தை மட்டும் நுழைத்து எலும்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

எப்போதாவது ஒரு மணிநேரம் கழித்து மனமிரங்கி உள்ளே வந்துவிட்டால், கிராணியார் உடனே கதவைச் சாத்துவார். பிறகு தொடங்கும். "மணி என்ன ஆச்சு? எத்தன தடவ கூப்பிட்டேன்? மனுசன் தொண்டை என்ன தகரமா?" தொங்கான் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கும். சிவப்புக்கோடு விழும். அதற்குமேல் கார்பாலிக் சவர்க்காரக் குளியல்.

மரியதாஸ் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "கிராணி, அது வராதப்ப ஆட்டெலும்பு வெச்சுக் கூப்பிடுறீங்க. வந்தா திட்டுறீங்க. நானா இருந்தாலும் வரமாட்டேன் லா."

"லேட்டா வந்தவனைக் கொஞ்சினா நாளைக்கு எவன் நேரத்துக்கு வருவான்?"

"அது கூலிக்கா வருது?"

அன்று இரவு கிராணியார் உணவு கொள்ளவில்லை என்று அக்கா சொன்னாள்.

நான் சொல்லவந்தது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. வெறிநாய்க்கடி பற்றிய அச்சம் பரவியிருந்த காலம். தெருநாய்களைப் பிடிக்கும் வண்டி இரண்டு நாள்களுக்கு முன் பக்கத்துச் சந்துக்கு வந்து போயிருந்தது. பிடிபட்டவை திரும்பி வருவதில்லை என்பதைச் சந்தில் யாவரும் அறிவர். வில்லை கட்டிய நாய்க்கு அச்சமில்லை என்று நாங்கள் இருந்தோம்.

மாலை நான்கு மணியிருக்கும். அக்கா அடுப்படியிலிருந்து அலறினாள்.

"கிராணி ஐயா! தொங்கான் கழுத்தப் பாருங்க! பட்டையக் காணோம்!"

மாட்டுக்கொட்டகை வேலியில் எங்கோ மாட்டிக் கழன்றிருக்க வேண்டும். மரியதாஸ் கொட்டகைக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பினார், வெறுங்கையோடு.

"பட்டை கிடைக்கல. வண்டி முனையில நிக்குது. மூணு பேரு, கம்பிச் சுருக்கோட இறங்கிட்டாங்க."

கிராணியார் தம் அறைக்குள் ஓடி உரிமச்சீட்டை எடுத்து வந்தார். அதை யாரிடம் காட்டுவது? சீட்டு கையில் இருக்கிறது. நாயோ அவர்களைக் கண்டதும் கண்காணாத தொலைவுக்கு ஓடியிருக்கும். வில்லை இல்லாத கழுத்து யாருடையது என்று சுருக்குக்கம்பி கேட்டுக்கொண்டிராது. எதிர்ச்சாரியில் மரத்தூளின்மேல் தொங்கான் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

"தொங்கான்!"

அது எழுந்து இரண்டடி பின்வாங்கியது. மரியதாஸ் இடப்பக்கமாகச் சென்றார். அது வலப்பக்கம் போனது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் சென்றேன். அது என் கால்களுக்கிடையே புகுந்து சந்துமுனையை நோக்கியே பத்தடி ஓடியது, வண்டி நின்ற திசைக்கு. அக்கா கையிலிருந்த இட்டலியை எறிந்தாள். அடிக்கத்தான் எறிகிறாள் என்று எண்ணி அது இன்னும் ஐந்தடி ஓடியது.

"யாரும் நகராதீங்க!" என்றார் கிராணியார். பிறகு மறுபடியும் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. துறைமுகத்தை நிறுத்திய குரல், ஓட்டை விழுந்த ஊதுகுழல்போல வெறுங்காற்றாக வந்தது. முனையில் ஒரு நாய் கத்தும் ஒலி எழுந்து, பாதியில் நின்றது.

கிராணியார் உள்ளே போனார். பேரேட்டோடு வந்தார்.

"வரிசையில நில்லுங்க."

"கிராணி, உங்களுக்குப் புத்தி கித்தி..."

"நில்லுங்க, டிரெசர். தயவுசெஞ்சு."

அவர் வாயிலிருந்து 'தயவுசெய்து' என்பதை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. நின்றோம். மேலிருந்த ஐவரும் துண்டுகூட இல்லாமல் இறங்கி வந்து நின்றார்கள். பட்டப்பகலில், நாய் பிடிப்பவர்கள் நெருங்கிக்கொண்டிருக்க, குளியலறைப் பெரட்டு தொடங்கிற்று. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், அவசரமின்றி. ஒவ்வொருவரும் "வந்தேன்" என்று சொல்லி வீட்டுக்குள் போனார். தச்சர் தம் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். தொங்கான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது. இந்தக் காட்சியை அது நாள்தோறும் எதிர்ச்சாரியிலிருந்து, திறந்த கதவு வழியே கண்டதுதான்.

"மரியதாஸ்!"

"வந்தேன்."

"வாத்தியார்!"

"வந்தேன்" என்றேன். உள்ளே போய்க் கதவிடுக்கு வழியே பார்த்தேன்.

தெருவில் மீதி நின்றவர் இருவரே: அவரும் அதுவும். பேரேட்டில் அடுத்த பெயர் தொங்கான். அவர் அதைக் கூப்பிடவில்லை. நாயின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பேரேட்டைப் பட்டென்று மூடினார். முதுகைக் காட்டி உள்ளே வந்தார். கதவைத் திறந்தே விட்டார். உள்ளே வரிசையாக நின்ற எங்களைக் கடந்து, குளியலறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றார்.

கம்பிகள் தரையில் உரசும் ஒலி எங்கள் அஞ்சடிக்கு மூன்று வீடு தள்ளிக் கேட்டது. "போய்க் கூப்பிடுங்க கிராணி," என்று அக்கா அழுதாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவர் சட்டையின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு குரல், சிரிப்பு. நான் என் வாழ்நாளில் எத்தனையோ தேர்வு முடிவுகளுக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு நேரம் எதற்கும் காத்திருந்ததில்லை.

சிமென்டுத் தரையில் நகங்கள் படும் ஓசை.

தொங்கான் வந்தது. எங்கள் கால்களை ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்து, எனக்குப் பின்னால், வரிசையின் கடைசி இடத்தில் உட்கார்ந்தது. அக்கா மூச்சு விடாமல் காலாலேயே கதவை மெல்லத் தள்ளினாள். கதவு சாத்திய சிறிது நேரத்தில் கம்பிகள் வெளியே உரசிக்கொண்டு கடந்து போயின.

கிராணியார் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "மணி என்ன ஆ..." என்று தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். தொங்கானும் தலையைக் குனிந்து, வழக்கமான சொற்பொழிவுக்கு ஆயத்தமாயிற்று. அவர் நிறுத்திக்கொண்டார். கையில் ஏறியிருந்த சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, நீலப் பென்சிலைத் தேடி எடுத்தார்.

"தொங்கான்," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் ஒரு பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டோம்.

வால் சாத்திய தெருக்கதவில் தட்டென்று அடித்தது.

"வந்தேன்னு சொல்லுது பாருங்க," என்றாள் அக்கா.

அதன்பின் அந்த வீட்டில் சிவப்புப் பென்சில் சீவப்படவே இல்லை. தொங்கான் நாள்தோறும், யாரும் கூப்பிடாமலே, பெரட்டின் கடைசியில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த ஆண்டு என்னைச் செம்பவாங்கிலுள்ள ஒரு பள்ளிக்கு நான்கு மாதம் அனுப்பினார்கள். அறையை விடாமல் போயிருந்தேன். திரும்பியபின் மரியதாஸ் ஒன்று சொன்னார்: "தினமும் உங்க பேரைக் கூப்பிடுவாரு வாத்தியார். கூப்பிட்டுட்டு, கொஞ்சநேரம் வாசலப் பாத்துட்டுத்தான் அடுத்த பேரு." பிறகொருநாள் அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு மாதமும் என் பெயருக்கு நேரே கோடு எதுவும் இல்லை. வராதவன் என்று அவர் குறிக்கவில்லை. இடத்தை வெறுமனே விட்டுவைத்திருந்தார்.

என் நினைவில் பிழைகள் இருக்கலாம். மடிந்த காது இடக்காதா வலக்காதா என்பது உறுதியில்லை. வந்த வண்டியின் நிறமும் மறந்துவிட்டது. அச்சந்தில் வாழ்ந்தவர்களோ அவர்தம் மக்களோ இதைப் படித்தால் எழுதித் திருத்தும்படி வேண்டுகிறேன். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திருத்தத்தை நீலக்கோட்டோடு ஏற்றுக்கொள்வேன். பிரம்பு இருந்தது என்று மட்டும் எவரும் எழுத வேண்டாம்.