என் மூத்த தாரத்தை விற்ற கதை

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது நான் எடுத்தே தீருவேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன். சபதம் செய்யலாமா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

"முதல்ல பல்லைத் தேய்ச்சிட்டு வாங்க. அப்புறம் செய்யலாம்" என்றாள்.

அவள் பல் டாக்டர். அப்படித்தான் பேசுவாள்.

விஷயம் என் கார். சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. மடக்கி வைக்கிற துணிக் கூரை. ஸ்போர்ட்ஸ் கார்! கல்யாணத்துக்கு முன்பு, எனக்குத் தலைமுடியும் தைரியமும் இருந்த காலத்தில், அப்போதே பழசாக வாங்கியது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் "உங்க மூத்த தாரம்". மூத்த தாரத்தைத் துடைக்கிற அக்கறையில் பாதியை இளைய தாரத்திடம் காட்டியிருந்தால் இந்தக் குடும்பம் எங்கேயோ போயிருக்கும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு லைசென்ஸ் உண்டு. சாவிதான் இல்லை. எப்போதாவது கேட்பாள். "கிளட்ச் கொஞ்சம் தனி மாதிரி. என் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும்" என்று சொல்லிவிடுவேன். அவள் பஸ் ஏறி கிளினிக்குக்குப் போவாள். நான் அவள் பஸ்ஸையே முந்திக்கொண்டு கடைக்குப் போவேன். கை வேறு ஆட்டுவேன்.

கடை என்றால் மெத்தைக் கடை. ஊரே என் தயவில் சொகுசாகப் புரண்டு படுக்கிறது. நான் மட்டும் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி ஒரு வண்டியில் மடங்கிக் கிடக்கிறேன். ஒரு காலத்தில் கதவைத் திறக்காமலே குதித்து ஏறியவன்தான். இப்போதும் ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்கத்தான் தெருவில் போகிறவர்கள் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள்.

கடைக்குப் போகும் வழியில் ஒரு கார் ஷோரூம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் ஒரு புது ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. பட்டனை அழுத்தினால் கூரை தானாக மூடிக்கொள்ளுமாம். நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கும் சோறு மட்டும்.

பழசை வைத்துக்கொள்வதா, புதுசுக்கு மாறுவதா? காலையில் இன்ஜின் உறுமும்போது "உன்னை விடுவேனா கண்ணே" என்பேன். மாலையில் இடுப்பு உறுமும்போது "போய்த் தொலை சனியனே" என்பேன். கடைசியில் இடுப்புதான் ஜெயித்தது.

ஆனால் மனைவியிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. ஆடாத பல்லைப் பிடுங்க மாட்டாள். யார் வந்து காலில் விழுந்தாலும், "நல்ல பல்லு, இருக்கட்டும்" என்று அனுப்பிவிடுவாள். என் காரும் துளிக்கூட ஆடாத பல்.

அப்போதுதான் என் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஆடாவிட்டால் என்ன? ஆட்டிவிட வேண்டியதுதான்! அவள் வாயாலேயே "இந்தக் கழுதையை மாத்துங்க" என்று சொல்ல வைக்க வேண்டும். முடிவு என்னுடையது, வாய் அவளுடையது. எப்பேர்ப்பட்ட திட்டம்!

மறுநாளே கடையில் வைத்து அவள் உட்காரும் பக்கத்துச் சீட்டை அடியில் பிரித்தேன். நல்ல பஞ்சை எல்லாம் உருவினேன். தேங்காய் நாரை முறுக்கி முறுக்கித் திணித்தேன். நடுவில் இரண்டு பழைய ஸ்பிரிங்கையும் நிமிர்த்தி வைத்துத் தைத்தேன். தொழில்காரன் தையல், வெளியே தெரியாது. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் யோகியே எழுந்து ஓடுவான்.

அன்று மாலை அவளை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். குழி குழியாகப் பார்த்து இறக்கினேன்.

"சீட்டு ஏதாவது குத்துதா?" என்றேன்.

"இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"கொஞ்சம்கூடவா?"

"ஏன், குத்தணுமா?"

"சே சே! வயசான வண்டியாச்சேன்னு கேட்டேன்."

திரும்பி வரும்போது நடுவழியில் நிறுத்தச் சொன்னாள். வந்தது வழிக்கு என்று பூரித்துப் போனேன்.

"ஏங்க, இந்தப் பக்கம் லேசா உறுத்துற மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லு! நான்தான் சொன்னேனே, இந்த வண்டி..."

"அதனால நீங்க இங்க உட்காருங்க. நான் ஓட்டறேன்."

"கிளட்ச்..."

"கால் எனக்கும் ரெண்டு இருக்கு. எறங்குங்க."

இறங்கினேன். அதற்கே இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பிறகு நான் திணித்த நார் மீது நானே உட்கார்ந்தேன். அவள் கூரையை மடக்கினாள். கியரை மாற்றினாள். கிளட்ச் என்கிற துரோகி வெண்ணெய் மாதிரி இறங்கிக் கொடுத்தது. வண்டி பறந்தது. அவள் தலைமுடி பறந்தது. எனக்கு அடியில் ஸ்பிரிங் இரண்டும் வேலையை ஆரம்பித்தன. ஒவ்வொரு குழிக்கும் நான் "அம்மா!" என்றேன். அவள் ஒவ்வொரு குழிக்கும் சிரித்தாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்டபோது வராத சிரிப்பு இந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வருகிறதே என்று எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

"இத்தனை வருஷமா இதை எனக்குத் தராம வச்சிருந்தீங்களே!" என்றாள்.

பதில் சொல்கிற நிலையில் நான் உட்கார்ந்திருக்கவில்லை.

அன்று முதல் தினமும் சாப்பாட்டு மேஜையில் பிரசாரத்தைத் தொடங்கினேன். வண்டி என்றால் சீட்டு மெத்தென்று இருக்க வேண்டாமா? கூரை ஒழுகாமல் இருக்க வேண்டாமா? நாலு பேர் தாராளமாக உட்கார வேண்டாமா? அந்த நாலு பேர் வாதத்தை நான் சும்மா ஒரு வேகத்தில் அடித்துவிட்டேன். ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது தானாகத் திறந்து மூட வேண்டாமா? அவள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதுதான் அவள் தொழில். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பிரசாரம் பலிக்காததால் நிபுணரைக் கூப்பிட்டேன். எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் அவர் கையில் ஒரு நட்டு மிச்சம் இருக்கும்.

"சார், இந்த இன்ஜினுக்கா கெடு வைக்கறீங்க? இது நம்ம ரெண்டு பேரையும் வழியனுப்பி வச்சிட்டுத்தான் ஓயும்!" என்றார் நட்டு.

"அது எனக்கும் தெரியும். நீங்க வீட்டுக்கு வந்து, இது தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"பொய் சொன்னா எனக்குப் பல் வலிக்கும் சார்."

"கடையிலேயே பெரிய டபுள் மெத்தை. தலைகாணியும் சேர்த்து."

நட்டு சற்று யோசித்தார். "எத்தனை தலைகாணி?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வண்டிக்கு அடியில் படுத்தார், தட்டினார், முனகினார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடித்தார்.

"டாக்டரம்மா, மனசைத் தேத்திக்குங்க. இன்னொரு மழை தாங்காது. இன்ஜின் போச்சு. அடியெல்லாம் துரு. பழைய இரும்புக்குப் போட்டாத்தான் உண்டு."

மனைவி வண்டியைப் பார்க்கவே இல்லை. நட்டுவின் கன்னத்தையே பார்த்தாள்.

"அது போகட்டும். கன்னம் ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா... லேசா வலி..."

"கடவாப்பல்லு. நாளைக்குக் காலையில கிளினிக்குக்கு வாங்க. காசு வேண்டாம்."

என்ன தங்கமான மனசு என்று நினைத்தேன். நானே நட்டுவிடம், "கண்டிப்பா போங்க" என்று வேறு சொல்லி அனுப்பினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் அதுதான்.

மறுநாள் மாலை கிளினிக்கிலிருந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நீங்க சொல்றதுதான் சரி. வண்டியைக் கொடுத்திடலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! "நிஜமாவா?" என்றேன்.

"பிடுங்கறதுன்னு முடிவாயிட்டா உடனே பிடுங்கிடணும். தள்ளிப் போடக் கூடாது. நட்டுகிட்ட ஒரு ஆள் இருக்காராம். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கறாராம்."

"புது வண்டி? அந்த ஷோரூம்ல வெள்ளி நிறத்தில ஒண்ணு..."

"வெள்ளி நிறம்தானே? நான் பார்த்துக்கறேன். நீங்க மேஜையில சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு."

எப்படிப்பட்ட மனைவி! கண் கலங்கிவிட்டது.

நட்டு வந்து சாவியை வாங்கினார். கன்னம் வற்றியிருந்தது. என் கண்ணைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். சாகக் கிடக்கும் வண்டி முதல் திருகிலேயே உறுமியது. தெருமுனையில் அந்தச் சிவப்பு மறைந்தது. என் வாலிபத்தையே யாரோ ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஓடிப்போய் நிறுத்தலாமா என்றுகூட நினைத்தேன். இடுப்பு வேண்டாம் என்றது. நட்டு கொடுத்த பணத்தை வழக்கப்படி எண்ணாமல் மனைவியிடம் கொடுத்தேன். அவளும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புது வண்டி வருகிற நாளில் புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றேன். தெருவில் ஒரு வெள்ளி நிற வீடு நகர்ந்து வந்தது. எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"யாரோ வழி தெரியாம வந்துட்டாங்க போல" என்றேன்.

"நம்ம வண்டிதான். ஏழு சீட்டு" என்றபடி அதிலிருந்து இறங்கினாள் மனைவி.

"ஏ... ஏழா? ஸ்போர்ட்ஸ் கார் எங்கே?"

"நீங்க ஸ்போர்ட்ஸ் கார்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சீட்டு மெத்துனு இருக்கணும்னீங்க. நானே அழுத்திப் பார்த்தேன், உங்க கடை மெத்தை தோத்துடும். கூரை ஒழுகக் கூடாதுன்னீங்க. இது தகரம். நாலு பேர் உட்காரணும்னீங்க. மூணு பேர் கூடவே உட்காரலாம். நிறம் வெள்ளி."

"பட்டன்?" என்றேன், ஈனக் குரலில்.

"இருக்கே!" அழுத்தினாள். பின்கதவு தானாக மேலே போனது. உள்ளே நாலு பெட்டி, ஒரு கூடை. நடுச் சீட்டிலிருந்து என் மாமியார் தலையை நீட்டினார்.

"நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை? பஸ் எனக்கு ஒத்துக்காது. உங்க வண்டியில எனக்கு இடம் கெடையாது. அதனாலதான் இத்தனை வருஷமா வரவே முடியல."

இரண்டு சீட்டு வண்டியின் மிகப் பெரிய வசதி எதுவென்று எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும். நான் ஏழு சீட்டு அளவுக்குக் கெட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து நான் மெத்தைக் கடைக்காரன் பாதி, டிரைவர் பாதி. காலையில் மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி, பிறகு தையல்காரர், பிறகு அவருடைய சிநேகிதி வீடு. பிறகு சிநேகிதியையும் ஏற்றிக்கொண்டு மறுபடி தையல்காரர். மாமியார் ஏறியதும் தூங்கிவிடுவார். சீட்டு அவ்வளவு சொகுசு.

அப்படி ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு உறுமல். எனக்குத் தெரியாத உறுமலா? குனிந்து பார்த்தேன். சிவப்பு நிறம். மடக்கிய கூரை. தலையில் துணி கட்டிக்கொண்டு, என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி என் மனைவி!

"நீயா? இது இரும்புக் கடைக்குப் போகலையா?"

"போற வழியில கிளினிக்ல நின்னுடுச்சு."

"அப்ப வாங்கின ஆள்..."

"நான்தான். நான் நட்டுகிட்ட கொடுத்தேன், நட்டு உங்ககிட்ட கொடுத்தார், நீங்க எங்கிட்ட கொடுத்துட்டீங்க. வண்டி சும்மாவே கெடைச்ச மாதிரி ஆயிடுச்சு."

"அந்தப் படுபாவி நட்டு சொல்லிட்டானா?"

"மரத்துப்போற ஊசியைக் கையில எடுத்தேன். அவ்வளவுதான். மெத்தை, தலைகாணி எல்லாம் தானா வந்துடுச்சு."

"சீட்டு விஷயம் நட்டுவுக்கே தெரியாதே!"

"பல்லுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்கறவ நான். சீட்டுக்கு அடியில பார்க்க மாட்டேனா? தையல் நல்லா இருந்துச்சுங்க. சாயங்காலம் மறக்காம அந்த நாரைப் பிடுங்கிட்டு நல்ல பஞ்சா வச்சுக் கொடுங்க. ஒருநாள் உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."

"சாவியை ஒரே ஒரு தடவை..."

"கிளட்ச் கொஞ்சம் தனி மாதிரிங்க" என்றாள்.

பச்சை விளக்கு விழுந்தது. என் மூத்த தாரமும் இளைய தாரமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு பறந்தார்கள். போகும்போது கை வேறு ஆட்டினாள்.

அந்த உறுமலில் மாமியார் விழித்துக்கொண்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு, தூரத்தில் மறைகிற சிவப்பைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டினா அப்படி ஓட்டணும் மாப்பிள்ளை! யார் பெத்த பொண்ணோ, அவ புருஷன் கொடுத்து வச்சவன்" என்றார்.