கணக்கில் சேராத கோழிகள்

வாசகர்களே, நம்மிடையே ‘தள்ளுபடியார்’ என்றோர் இனம் நடமாடுகிறது. பிடிக்காத உண்மை எதிரே வந்து நின்றால், அதைப் பொய் என்று இவர் சொல்லவே மாட்டார். அவ்வளவு அநாகரிகம் தெரியாது. “இதைக் கணக்குல சேர்க்காதீங்க” என்பார். அதோடு அந்த உண்மை பிறக்கவே இல்லை.

இந்த இனத்தின் முதல் தரமான மாதிரியை நான் கண்டது இரண்டாயிரத்து ஏழில், ஓசூரில். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து ஆராயும் ஒரு கம்பெனியில் மோகன்குமார் தலைமை விஞ்ஞானி. கோழியின் மூச்சுக்குழாயைப் பிடிக்கும் வைரஸுக்கு நானோ மருந்து கண்டிருந்தார். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை பொடி. ஒவ்வொன்றின் மேலும் வைரஸின் துணுக்கை ஒட்டி மூக்கில் சொட்டு விட்டால், நாளைக்கு அசல் வைரஸ் வரும்போது கோழியின் உடம்பு அதை அடையாளம் கண்டு விரட்டிவிடும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கோழிகளிடம் யாரும் சொல்லவில்லை.

மருந்து விட்ட இருபது கோழிகளுக்கும் விடாத இருபதுக்கும் அசல் வைரஸைக் கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் பாரபட்சமில்லாமல் தும்மியது. மோகன்குமார் அசரவில்லை. மருந்து விட்ட கோழிகளின் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோல் நடந்தார்.

“இது பொறந்ததுலேயே சவலை, சேர்க்காதீங்க. இது கதவோரம் நின்னுச்சு, பெங்களூர் குளிர் அடிச்சிருக்கும். இது முழியே சரியில்லை. இதுவா? பக்கத்துக் கோழியைப் பார்த்துத் தும்முது, வெறும் பழக்கம்.”

சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு கோழி மிஞ்சியது. அது தும்மவில்லை.

“நூறு சதவீதம் வெற்றி!” என்று மைசூர்பாகுக்கு ஆள் அனுப்பினார். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் அதையும் தள்ளிவிட்டு, கோழியே இல்லாமல் வெற்றி கண்டிருப்பார்.

கம்பெனியின் கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் முனிலட்சுமிக்கு மைசூர்பாகு இறங்கவில்லை. “மிச்சம் பத்தொம்பது, சார்?”

“அதெல்லாம் விதிவிலக்கும்மா.”

“விதிவிலக்கு பத்தொம்பது, விதி ஒண்ணே ஒண்ணா?”

“உனக்கு எப்பவும் குறை பார்க்கிற புத்தி!”

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மருந்தை முதலில் வாங்கப் போகிறவள் கோழி வளர்க்கும் தொரப்பள்ளி நஞ்சம்மா. போன முறை இதே நோயில் அவள் கொட்டகை பாதி காலியானது. இன்னொரு முறை ஆனால் கொட்டகையை இழுத்து மூடிவிட்டு ஏதாவது கம்பெனி வாசலில் வேலைக்கு நிற்க வேண்டும். மறுநாள் அவளுக்குப் புதுக் குஞ்சுகள் இறங்குகின்றன. மருந்தை நம்பலாமா என்று நேரிலேயே பார்க்க வந்துவிட்டாள்.

விருந்தினர் வந்தால் மோகன்குமார் பெரிய மின்விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிடுவார். விமான நிலையம் தோற்கும் இரைச்சல். கோழி வைத்தியம் தெரிந்தவர்கள் செய்வதோ நேர்மாறு: விசிறியை நிறுத்திவிட்டு மூச்சைக் கேட்பார்கள்.

“பாருங்கம்மா, எவ்வளவு அமைதியா இருக்கு!” என்று கத்தினார்.

முனிலட்சுமி சுவிட்சை அணைத்தாள்.

கொட்டகை முழுக்கக் ‘கொர்ர், கொர்ர்’ என்று சளி கட்டிய மூச்சு.

நஞ்சம்மா முனிலட்சுமியின் பக்கம் திரும்பினாள். “டாக்டரம்மா, இந்தச் சத்தந்தான் போன தடவை எங்க கொட்டாயில கேட்டுச்சு. பேடா சார், பேடா!” என்று கன்னடத்தில் மறுத்தாள். “எங்குஞ்சுங்களுக்கு இந்த மருந்து வேணாம்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

மோகன்குமார் முனிலட்சுமியிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்தம்மாவையும் கணக்குல சேர்க்காதீங்க.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்றுக் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் மாட்டி, முதலில் வந்த எண்ணுக்குக் காபியையும் அடுத்ததற்கு மாடிப்படியையும் அதற்கடுத்ததற்கு மருமகளையும் குற்றம் சொல்லி, ஐந்தாவது முறை கிடைத்த நல்ல எண்ணை மட்டும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னது யார்? என்ன, கருவியில் பேட்டரி சரியில்லையா?

அடடா. மோகன்குமாருக்குக்கூட அது தோன்றவில்லை.